ஐந்தாவது புள்ளடி

ரொறன்ரோவில் ஒரு தமிழரை முதன்முதலாகச் சந்தித்தால், பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். "ஊரிலை எவடம்?" நான் "கிளிநொச்சி" என்பேன். கேட்டவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, குரலைக் கொஞ்சம் இறக்கி, "அதுக்கு முதல்?" என்பார்.

அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததே இல்லை. கிளிநொச்சி குடியேற்றப் பகுதி, அங்கே இருப்பவர்கள் எல்லோரும் வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தாரின் கணக்கு. ஆகவே தோண்டுவார்கள். அம்மாவின் குடும்பம் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தது. அப்பா அநாதைப் பிள்ளைகளின் விடுதியில் வளர்ந்தவர், தன் ஊர் எது என்று அவருக்கே தெரியாது. பிறகு போர் எங்களைக் கிளிநொச்சியிலும் இருக்க விடவில்லை. மடு, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று யார் யாருடைய விறாந்தையிலோ, எந்தெந்தப் பள்ளிக்கூட வகுப்பறையிலோ, மற்றவர்கள் படுத்த பிறகு மிஞ்சிய இடத்தில் பாய் போட்டு வளர்ந்தவள் நான். கேட்கிறவருக்கு இதெல்லாம் வேண்டாம். ஊர் தெரிந்தால் மற்றது தெரிந்துவிடும் என்பது அவருடைய நினைப்பு. அந்த மற்றது என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், நான் நின்ற தேர்தலே ஊரை வைத்து நடந்த தேர்தல் என்பதுதான்.

உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் எங்கள் ஆட்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் ஒரு நாடாளுமன்றம் அது. இலண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, சிட்னி என்று நகரத்துக்கு ஒரு தொகுதி. அதற்குப் படை கிடையாது, வரி கிடையாது, சொந்தக் கட்டடமும் கிடையாது. வருடத்தில் ஒரு தடவை ஏதாவது ஒரு நாட்டில் வாடகை மண்டபத்தில் கூடுவார்கள், மற்றப்படி எல்லாம் சூமில்தான். "கதிரை மட்டும் இருக்கிற பாராளுமன்றம்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். ஆனால் அந்த வெறும் நாற்காலிக்கு இந்த நகரத்தில் இருந்த கிராக்கியைப் பார்த்திருக்க வேண்டும். ரொறன்ரோ பெரிய தொகுதி, மேற்கே மிசிசாகாவிலிருந்து கிழக்கே விட்பி வரைக்கும் ஒன்று. ஐந்து உறுப்பினர்கள். வாக்காளர் ஒவ்வொருவரும் ஐந்து வெவ்வேறு ஆட்களின் பெயருக்கு எதிரே புள்ளடி, அந்தப் பெருக்கல் குறி, போடலாம், விரும்பினால் குறைத்தும் போடலாம். கூடுதல் புள்ளடி வாங்குகிற ஐந்து பேர் உள்ளே போவார்கள்.

இந்த நகரத்தில் எங்கள் ஊர்களுக்கெல்லாம் சங்கம் இருக்கிறது. கோடையில் பூங்காவில் ஒன்றுகூடல், மார்கழியில் மண்டபத்தில் கலைவிழா, ஊர்க் கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ மதில் கட்டக் கூட்டம் என்று வருடம் முழுக்க அமளிதான். தேர்தல் என்று அறிவித்ததும் ஒவ்வொரு ஊர்ச்சங்கமும் தன் ஆளை இறக்கியது. என் கணவரின் ஊர்ச்சங்கம் தன் தலைவரை இறக்கியது. என் கணவர்தான் அந்தச் சங்கத்தின் செயலாளர்.

தலைவர் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். எங்கள் மகள் பிறந்தபோது குழந்தைக்குக் கதிரை கட்டிய வேனில் எங்களை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் என்னை அறிமுகப்படுத்தும்போது "எங்கட ஊர் மருமகள்" என்பார், அத்தோடு நிறுத்திவிடுவார். கல்யாணத்தின்போது "அதுக்கு முதல்?" என்று கேட்டுப் பதில் கிடைக்காமல் போனவர்களில் அவரும் ஒருவர்.

வேட்பாளரைத் தெரிவு செய்யும் கூட்டம் ஸ்காபரோவில் அவருடைய வீட்டு பேஸ்மென்டில் நடந்தது. றோல்ஸும் தேநீரும் கொடுத்து முடிந்த பிறகு, சபையில் எதைப் பேசலாம் என்று ஆலோசனை கேட்டார்கள். ஆண்கள் பெரிய பெரிய விஷயங்களாகச் சொன்னார்கள். நான் கையை உயர்த்தினேன். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல இருந்தது.

அந்த விஷயம் ஒரு அன்ரியிடமிருந்து வந்தது. நான் விமான நிலையத்தில், வந்துசேராத பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். கோபமாக வரும் ஆட்களோடு பேசுவதுதான் எனக்குச் சம்பளம். ஒரு நாள் இலண்டனில் மகனைப் பார்த்துவிட்டு வந்த அன்ரியின் பெட்டி வரவில்லை. தமிழில் பேசுகிறேன் என்பதற்காக என் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு போனார். பெட்டி கிடைத்த பிறகும் அழைப்பு நிற்கவில்லை. "பெட்டி வந்திட்டுது பிள்ளை. ஆனா போனை வையாதையும், கொஞ்சம் கதையும்" என்றார். சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் உயரமான கட்டடத்தில் தனியாக இருப்பவர். "பகலிலை ரீவி இருக்கு, கோயில் இருக்கு. இரவிலை நித்திரை வராட்டி என்ன செய்யிறது? இஞ்ச எல்லாரும் படுத்திருப்பினம்" என்றார்.

அன்றைக்கு வேலைக்குப் போகும் வழியில் எனக்குத் தோன்றியது இதுதான்: இங்கே இரவு என்றால் சிட்னியில் பகல். சிட்னியில் இரவு என்றால் இலண்டனில் பகல். எல்லா நாட்டிலும் தனியாக இருக்கிற முதியவர்கள் அழைப்பதற்கு ஒரே ஒரு இலக்கம் இருந்தால், எங்கே விடிந்திருக்கிறதோ அங்கே இருக்கிற ஒருவர் எடுத்துத் தமிழில் பேசலாம். ஒரு நாட்டு அரசாங்கம் இதைச் செய்ய முடியாது. பல நாட்டில் கதிரை வைத்திருக்கிற ஒரு சபையால்தான் முடியும்.

இதைச் சொன்னேன். தலைவர் அண்ணை தலையாட்டினார். "நல்ல யோசனை பிள்ளை. உதை எழுதித் தாரும், நான் சபையிலை சொல்லுறன்."

"நானே சொல்லுறனே அண்ணை."

"அதுக்கு நீர் உறுப்பினரா வரவேணும்."

"அப்ப நானும் தேர்தலிலை நிக்கிறன்."

பேஸ்மென்ட் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு மிகவும் கனிவாக, பாவம் இந்தப் பிள்ளைக்கு உலகம் தெரியவில்லையே என்கிற குரலில், "ஊர் இல்லாத ஆளுக்கு ஆர் பிள்ளை புள்ளடி போடுறது?" என்றார்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு வந்திருப்பேன். அந்தக் கனிவுதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. மறுநாளே வேட்புமனு கொடுத்தேன். பொறுப்பாக இருந்தவர் ஊர்ப் பெயரைக் கேட்டபோது, "ஒண்டும் போடாதேங்கோ" என்றேன். கிளிநொச்சி என்று சொல்லி, அவரும் அடுத்த கேள்வியைக் கேட்டு, நான் முழிக்க வேண்டாம் என்றுதான்.

வீட்டில் புயல் என்று நினைப்பீர்கள். என் கணவருக்குப் புயல் வராது, புழுக்கம்தான் வரும். இரண்டு நாள் வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்துவிட்டு, மூன்றாம் நாள் தோசை சுட்டுக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இஞ்ச பாரும். நான் சங்கத்தின்ர செயலாளர். என்ர ஊர் ஆளுக்குப் புள்ளடி போடாமல் இருக்கேலாது."

"ஆர் வேண்டாம் எண்டது? போடுங்கோ."

"உமக்குக் கோவமில்லையோ?"

"உங்களிட்டை அஞ்சு புள்ளடி இருக்கெல்லோ. ஒண்டை அவருக்குப் போடுங்கோ. கடைசியா ஒண்டு மிஞ்சும். அதைத் தாங்கோ."

சொல்லும்போது நையாண்டியாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன வாய் மூடுவதற்குள் கையில் தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். தோசை கருகியது. மிஞ்சியதைக் கேட்டு வாங்கித்தானே நான் வளர்ந்தேன். மிஞ்சிய விறாந்தை, மிஞ்சிய பள்ளிக்கூட வாங்கு, மிஞ்சிய பாய். இந்தத் தொகுதி முழுக்க, ஒவ்வொரு தமிழரிடமும், தன் ஊர் ஆளுக்குப் போட்ட பிறகு புள்ளடிகள் மிஞ்சப் போகின்றன. அவற்றை யாருமே கேட்கவில்லை.

கேட்காதது மட்டுமில்லை, போட வேண்டாம் என்றே சொன்னார்கள். எல்லாச் சங்கங்களும் ஒரே பாட்டைத்தான் பாடின: "எங்கட ஆளுக்கு மட்டும் ஒரே ஒரு புள்ளடி. மற்றவைக்குப் போட்டால் எங்கட ஆளுக்கு ஆபத்து." கணக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் எங்கள் சனத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள். இலங்கையில் கட்சிக்கு ஒரு புள்ளடியும் அதற்கு மேல் மூன்று விருப்பு வாக்கும் போட்டுப் பழகிய சனம். தந்ததைப் போடாமல் விடுவது அவர்களுக்குச் சோற்றைக் குப்பையில் கொட்டுகிற மாதிரி. நாலு புள்ளடியைச் சும்மா விட்டுவிட்டு வர யாருக்கும் மனம் வராது. அதே நேரம் பக்கத்து ஊர்க்காரனுக்குப் போடவும் மனம் வராது. ஒரு ஊரோடு கோயில் வழக்கு, இன்னொரு ஊரோடு கிரிக்கெட் சண்டை, மற்ற ஊரோடு காரணம் மறந்துபோன ஏதோ ஒரு பகை.

எந்த ஊருக்கும் பகை இல்லாத ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு ஊரே இல்லை.

வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். விட்பியில் புது வீடுகள், எல்லாம் ஒரே நிறம், ஒரே கதவு. ஒரு வீட்டில் ஒரு அங்கிள் கதவைத் திறந்ததும், "நாங்கள் கரவெட்டி. எங்கட ஆளுக்குத்தான் போடுவம்" என்றார். நான், "கட்டாயம் போடுங்கோ அங்கிள். ஊரை விட்டுக் குடுக்கக் கூடாது" என்றேன். மனிதர் திகைத்துப்போனார். வாக்குக் கேட்டு வந்தவள் எதிராளிக்குப் போடச் சொல்வதை அவர் கண்டதில்லை. "மிச்சம் நாலு இருக்குமே, அதை என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டேன். அவர் உண்மையாகவே யோசித்தார். "அதுதான் பிள்ளை எனக்கும் விளங்கேல்லை" என்றார். உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தார்கள். தொலைபேசி இலக்கத்தைப் பற்றிச் சொன்னபோது அவருடைய மனைவி கண்ணைத் துடைத்தார். மனைவியின் தாய் பாரிஸில் தனியாக இருக்கிறாராம்.

மிசிசாகாவில் என்னோடு வேலை செய்கிறவர்களின் வீடுகள், ஸ்காபரோவில் கடை வாசல்கள், கோயில் வாசல்கள். எல்லா இடத்திலும் ஒரே பேச்சுத்தான்: முதலாவதை உங்கள் ஊருக்கு, ஐந்தாவதை எனக்கு. சென் ஜேம்ஸ் ரவுணை அன்ரி பார்த்துக்கொண்டார். நான் கேட்கக்கூட இல்லை. அவர் லிஃப்டில் ஏறி இறங்கியே பிரசாரம் செய்தார். உடுப்புத் தோய்க்கிற அறையில் மிஷின் சுற்றி முடியும்வரை யாரும் தப்பிப் போக முடியாது என்பதைக் கண்டுபிடித்து அங்கேயும் போய் இருந்தார். "என்ர பெட்டியைக் கண்டுபிடிச்சுத் தந்த பிள்ளை" என்பதுதான் அவருடைய முழுத் தேர்தல் அறிக்கையும்.

என்னை யாரும் தடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு. ஐந்தாவது புள்ளடி கேட்டுத் திரிகிறாளாம் என்று எல்லாச் சங்கத்திலும் பகிடி. தலைவர் அண்ணையே ஒரு கூட்டத்தில், "மிச்சத்தை வீணாக்க மனமில்லாட்டி எங்கட மருமகளுக்குப் போட்டுவிடுங்கோ, பாவம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னாராம். மற்றத் தலைவர்களும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். பகை ஊருக்குப் போவதைவிட அவளுக்குப் போகட்டும் என்று. முதலாவது முதல்தரம், ஐந்தாவது எச்சில் என்று அவர்களுடைய மனதில் ஒரு வரிசை இருந்தது. வாக்குச் சீட்டில் அப்படி வரிசை ஏதும் இல்லை. புள்ளடி என்றால் புள்ளடிதான், ஒன்றுக்கொன்று எடை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இதை நான் எங்கள் வீட்டில்கூட உரத்துச் சொல்லவில்லை.

வாக்களிப்பு ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. சனம் கோயில் திருவிழாவுக்கு வருவது போல வேன் வேனாக வந்தது. அன்றைக்கு மாலையே பக்கத்து விழா மண்டபத்தில் எண்ணிக்கை.

முடிவை அறிவிக்க மேடையேறியவரை ரொறன்ரோவில் தெரியாத தமிழர் இல்லை. எல்லா விழாவுக்கும் அவர்தான் அறிவிப்பாளர், வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவரும் அவர்தான். அதனால் யாரை அறிமுகப்படுத்தினாலும் அந்த வாசகம் தானாக வந்துவிடும். "ஏழாலையைப் பிறப்பிடமாகவும், மார்க்கம் நகரை வதிவிடமாகவும் கொண்ட…" என்று அவர் இழுத்ததும், ஐந்தாம் இடத்தில் வென்ற மனிதர் ஒரு கணம் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஐந்தாம் இடத்தைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். அது போய்விட்டது.

நாலாம் இடம் காரைநகருக்கு. மூன்றாம் இடம் கரவெட்டிக்கு. விட்பி அங்கிள் எழும்பி நின்று விசில் அடித்தார். ஐந்தாம் இடத்துக்கே வராதவள் அதற்கு மேலே எங்கே வரப் போகிறாள்? இரண்டாம் இடம் தலைவர் அண்ணைக்கு. எங்கள் மேசை முழுவதும் எழும்பிக் கைதட்டியது. நானும் தட்டினேன், அழாமல் தட்டினேன். என் கணவர் மட்டும் தட்டாமல் என் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாரும், போவம்" என்றார். செயலாளர் வேலை அந்த இடத்தில் முடிந்துபோனது என்று நினைக்கிறேன்.

நாங்கள் கதவுப் பக்கம் திரும்பியபோது மைக் பேசியது. "முதலாம் இடத்தைப் பெறுபவர்…" அறிவிப்பாளர் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். "…ஐப் பிறப்பிடமாகவும்…" என்று சொல்லி நின்றுவிட்டார். அவருடைய வாழ்க்கையில் அந்த வாசகம் முன்னே ஊர் இல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும். தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இந்தத் தேர்தலில் அந்த இடத்தை வெறுமையாக விட்டவள் ஒருத்திதான்.

மண்டபத்துக்கு விளங்க ஒரு நொடி பிடித்தது. என் கணவருக்கு அதற்கு முன்பே விளங்கிவிட்டது. பை தோளிலிருந்து கீழே விழுந்தது, உள்ளே இருந்த தேநீர்ப் போத்தல் உருண்டு போனது, மனிதர் கவனிக்கவில்லை. "நீர்தான்! நீர்தானப்பா!" என்று கத்தினார். இத்தனை வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு நடந்ததைத் திரும்ப நினைத்தாலே எனக்கு மயிர்க்கூச்செறியும். அறிவிப்பாளர் ஊர் தேடித் தடுமாறுவதைப் பார்த்து, பின்வரிசையிலிருந்து சென் ஜேம்ஸ் ரவுண் அன்ரி எழும்பினார். "வேலணை எண்டு வாசியுங்கோ! எங்கட பிள்ளை!" என்றார். "ஏன், கரவெட்டி எண்டு வாசியுங்கோவன்!" என்றார் விட்பி அங்கிள். "அளவெட்டி!" "மானிப்பாய்!" "நெடுந்தீவு!" என்று மேசை மேசையாக எழும்பினார்கள். ஒருவரோடொருவர் வழக்குப் பேசுகிற ஊர்களெல்லாம் இப்போது எனக்காகச் சண்டை பிடித்தன. தலைவர் அண்ணை கதிரையில் ஏறாத குறையாக, "எங்கட ஊர் மருமகள்! நான்தான் புள்ளடி போடச் சொன்னது!" என்றார். உண்மைதானே, அவர்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்தத் தொலைபேசி இலக்கம் அடுத்த பனிக்காலத்துக்குள் வந்துவிட்டது. தலைவர் அண்ணை சபையில் என் யோசனையை வழிமொழிந்தார். இப்போது அன்ரிக்கு நித்திரை வராவிட்டால் சிட்னியில் ஒரு பெண் எடுக்கிறாள். எடுத்ததும் "அன்ரி, ஊரிலை எவடம்?" என்றுதான் கேட்கிறாளாம். அன்ரிக்கு அதில் புளுகமும் சந்தோஷமும், விடியும்வரை வேலணையைப் பற்றிச் சொல்லலாமே. கேட்கட்டும். கேள்வியில் பிழை இல்லை என்று நான் அன்றைக்கு மேடையில் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு மேடைக்கு என்னை யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று ஞாபகமில்லை. அறிவிப்பாளர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "பிள்ளை, சனம் ஆளுக்கொண்டு சொல்லுது. நான் எதை வாசிக்கிறது?" என்றார்.

எனக்கு முன்னால் அத்தனை ஊர்களும் காத்திருந்தன. எதை எடுத்தாலும் தந்திருப்பார்கள். ஆனால் எனக்கென்று ஒன்று இருந்ததே. அம்மா என்னைப் பெற்ற ஆஸ்பத்திரி, அப்பா தன் கையால் வேய்ந்த கிடுகுக் கொட்டில், இரணைமடு வாய்க்காலில் நான் தொலைத்த ஒற்றைச் செருப்பு. அதைச் சொல்லக் கூசி நான்தானே தாளை வெறுமையாக விட்டேன்.

"கிளிநொச்சி" என்றேன்.

அவர் மைக்கிலிருந்து கையை எடுத்தார். தொண்டையைச் செருமினார். "கிளிநொச்சியைப் பிறப்பிடமாகவும், ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட…" என்று மரண அறிவித்தல் குரலில் தொடங்கி, என் பெயரை முழுதாக வாசித்தார். மண்டபம் முழுக்க எழும்பி நின்று கைதட்டியது. நான் ஒவ்வொரு மேசையாகப் பார்த்தேன். முதல் வரிசையில் தலைவர் அண்ணை, பின்னால் அன்ரி, கதவடியில் தேநீர்ப் போத்தலைக் கையில் பிடித்தபடி என் கணவர். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தேன். அடங்கிய பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன்.

"அதுக்கு முதல்?" என்று ஒருவரும் கேட்கவில்லை.